ஐந்து கட்டமும் எரிகிறது

ஜூலை 3, புதன்

வெறும் வயிற்றில் 171.

தினமும் காலையில் சர்க்கரை பார்த்து எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பேட்டரி ஏஜென்ட் ஜனவரியில் கொடுத்த டைரி உறை பிரிக்காமல் கிடந்தது. ஒரே ஒரு எண்ணை எழுதிவிட்டு மீதிப் பக்கத்தைக் காலியாக விட எனக்கு மனம் வரவில்லை. காகிதம் வீணாகப் போவது பிடிக்காது. அதனால் அன்றன்றைக்கு நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

மே கடைசியில் ஒரு தடவை நின்ற பாக்கியசீலி டீச்சரின் வண்டி இன்று ரயில்வே மேம்பாலத்து உச்சியில் மறுபடி நின்றுவிட்டது. எழுபத்துமூன்று வயது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், தனியாக இருக்கிறார். மார்ச்சில் என் கடையில் மூன்று சக்கர பேட்டரி வண்டி வாங்கினார். பின்னால் வந்த பஸ்காரன் ஆரன் அடித்தே அவரைக் கலங்க வைத்துவிட்டானாம். என் மெக்கானிக் இசக்கி குட்டியானை வேனை எடுத்துக்கொண்டு போய் வண்டியையும் டீச்சரையும் ஏற்றிவந்தான்.

"சார்ஜ் போட மறந்திருப்பீங்க டீச்சர்" என்றேன்.

"போட்டேனே தம்பி. மீட்டர்ல அஞ்சு கட்டமும் எரிஞ்சுதே."

"வயசானா அப்படித்தான். போட்ட மாதிரியே தோணும்."

கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு ஆட்டோ பிடித்துப் போனார். விஷயம் முடிந்தது.

ஜூலை 4, வியாழன்

166. மதியம் இரண்டு இட்லி, ஒரு கைப்பிடி சோறு. மனைவி செல்லக்கனி என் தட்டைப் போலீஸ்காரன் மாதிரி பார்க்கிறாள்.

ஜூலை 8, திங்கள்

169.

நான் பதினாறு வயதில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினேன். பிறகு உதிரிபாகக் கடை. பிறகு சைக்கிள் ஏஜென்சி. பாளையங்கோட்டையில் எனக்கு மாமனும் கிடையாது மச்சானும் கிடையாது. எல்லாம் இந்த இரண்டு கை. போன வருஷம்தான் பெரியவர்களுக்கான இந்த மூன்று சக்கர வண்டியைக் கண்டுபிடித்தேன். இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் மேல் விழ வேண்டும். பிள்ளைகள் எல்லாம் வெளியூர். முழங்காலில் வலி. இரண்டு சக்கரம் ஓட்டப் பயம். வண்டியை அவர்களுக்கு விற்பதற்கு எனக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும்: "இனிமே யார் கையையும் எதிர்பாக்க வேண்டாம்." பதினொரு வண்டி விற்றேன்.

நின்றுபோகிறது என்று புகார் வந்தால் அதற்கும் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். மறந்திருப்பீங்க. வாலிபனிடம் அப்படிச் சொன்னால் சட்டையைப் பிடிப்பான். பெரியவர்கள் பிடிப்பதில்லை. இதுவரை ஒருவர்கூடச் சண்டைக்கு வரவில்லை.

ஹெட்மாஸ்டர் வேலாயுதம் சார் வண்டிதான் முதலில் நின்றது, ஏப்ரலில். மூன்று தடவை. மே மாதம் அவர் மகள் வந்து சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வண்டி அவர் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிறது. அந்த வழியாகப் போவதில்லை. வேறு வழி கிட்டம்.

ஜூலை 12, வெள்ளி

174.

டீச்சர் கடைக்கு வந்தார். பிறகும் இரண்டு தடவை வண்டி நின்றிருக்கிறது. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கோடு போட்டு, கட்டம் போட்டு, பரீட்சை மார்க் லிஸ்ட் மாதிரி. என்றைக்கு எத்தனை மணிக்குச் சார்ஜ் போட்டார், சார்ஜரில் சிவப்பு விளக்கு மாறி எத்தனை மணிக்குப் பச்சை வந்தது, எத்தனை மணிக்குப் பிடுங்கினார்.

"மறக்கலைன்னு எனக்கே நான் நிரூபிச்சுக்கிடணும்லா தம்பி, அதுக்குத்தான்" என்றார். பிறகு, "பிரேமா எப்படி இருக்கா? ஆறாம் கிளாஸ் சி பிரிவு, இருபத்தெட்டாம் நம்பர்" என்றார். என் மகள் ஆறாம் வகுப்புப் படித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

தாளைப் பார்த்தேன். ஜூன் முதல் வாரத்தில் பச்சை வர ஆறு மணி நேரம். இப்போது இரண்டரை மணி நேரம்.

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். "நேரம் எழுதிட்டீங்க, சரி டீச்சர். சுவிட்சைப் போட்டீங்களா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். இசக்கி மட்டும் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

தாளை நாலாக மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். இசக்கி எட்டிப் பார்ப்பதற்குள்.

ஜூலை 13, சனி

170.

"அண்ணாச்சி, அந்த மீட்டரை மட்டுமாவது மாத்திருவமா?" என்று கேட்டான் இசக்கி.

"எந்த மீட்டர்?"

என் முகத்தையே பார்த்தான். "சரி, ஒண்ணுமில்ல" என்று வேலைக்குப் போய்விட்டான்.

ஜூலை 19, வெள்ளி

சர்க்கரை பார்க்கவில்லை. ஊசி தீர்ந்துவிட்டது.

பெங்களூரிலிருந்து டீச்சரின் மகன் ஜெபக்குமார் போன் செய்தான். நல்ல பையன், மரியாதையாகப் பேசினான்.

"அங்கிள், மறைக்காம சொல்லுங்க. அம்மா எத்தனை தடவை சார்ஜ் போட மறந்திருக்காங்க?"

"நாலு தடவை" என்றேன். விலை சொல்வது மாதிரி வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். கேட்டா நான் மறக்கவே இல்லைன்னு சாதிக்கிறாங்க. அதுவே ஒரு அறிகுறியாம். இங்க ஒரு டாக்டர்கிட்ட பேசியிருக்கேன். ஆகஸ்ட் மூணாம் தேதி கார் எடுத்துட்டு வரேன். இனிமே அங்க தனியா விடறது சரியில்ல. வீட்டையும் வாடகைக்கு விட்டுடலாம்னு இருக்கேன்."

"ம்" என்றேன்.

"நீங்க சொன்னதும்தான் எனக்குத் தெளிவாச்சு. தேங்க்ஸ் அங்கிள்."

நன்றி வேறு சொன்னான்.

ஜூலை 20, சனி

பார்க்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

ஊசி வாங்கியாயிற்று. பார்க்கவில்லை.

மீட்டர் விஷயத்தை எழுதிவிடுகிறேன். இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை.

வண்டியில் நான்கு பேட்டரி. எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று காட்ட முன்னால் ஒரு மீட்டர், ஐந்து கட்டம். பாலம் ஏறும்போது இழுவை கூடும். கட்டம் சட்டென்று மூன்றுக்கு, இரண்டுக்கு இறங்கும். சமதரைக்கு வந்தால் மறுபடி ஏறிக்கொள்ளும். அது இயற்கை. ஆனால் பெரியவர்கள் பயந்தார்கள். பாலத்து நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு எனக்குப் போன். "தம்பி, மூணுதான் காட்டுது, திரும்பிரட்டுமா?" ஒரு நாளைக்கு எட்டுப் பத்து போன். சாப்பிட உட்கார முடியாது.

மார்ச் கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. மூன்று பேட்டரியில் ஓடுகிற சின்ன வண்டி உண்டு. குறைந்த வோல்ட்டுக்கான அதன் மீட்டரைக் கொண்டுவந்து நான்கு பேட்டரி வண்டியில் மாட்டினால், பேட்டரி செத்துக்கொண்டிருக்கும்போதுகூட அது வயிறு நிறைந்தது மாதிரியே காட்டும். கடைசி மூச்சு வரை ஐந்து கட்டமும் எரியும். "சர்வீஸ்" என்று சொல்லிப் பதினொரு வண்டியையும் வரவழைத்து இசக்கியை மாற்றச் சொன்னேன். மறுநாளிலிருந்து போன் நின்றது. அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன். டீச்சர்கூட, "சர்வீஸ் பண்ணினதுக்கப்புறம் வண்டி ரொம்ப நல்லாருக்கு தம்பி, கட்டமே இறங்க மாட்டேங்கு" என்று ஒரு சீப்பு ரஸ்தாளி கொண்டுவந்து கொடுத்தார்.

அவர்கள் பயப்படாமல் ஓட்டட்டும் என்றுதான் செய்தேன். மனதில் கை வைத்துச் சொல்கிறேன், அதற்குத்தான்.

கழற்றிய மீட்டர்கள் ரஸ்க் டப்பாவில் இருக்கின்றன, என் மேசைக்குக் கீழே.

ஜூலை 25, வியாழன்

எதிர்வீட்டு எஸ்தர் வந்து செல்லக்கனியிடம் சொல்லிவிட்டுப் போனாள். பாக்கியசீலி டீச்சர் சர்ச் பாட்டுக்குழுவான கொயரிலிருந்து விலகிவிட்டாராம். நாற்பது வருஷமாகப் பாடியவர். எத்தனை சரணமானாலும் புத்தகத்தைக் கையால் தொட்டதில்லை. "எனக்கு இப்ப நினைவு நிக்கல, நடுவுல வரி விட்டுட்டேன்னா எல்லாருக்கும் சங்கடம்" என்றாராம்.

"அந்த டீச்சருக்கா மறதி?" என்றாள் செல்லக்கனி. "போன வாரம் கடைத்தெருவுல பாத்து, எங்க அக்கா மகன் கல்யாணம் எந்தத் தேதின்னு அவங்க சொல்லுதாங்க. எனக்கே ஞாபகம் இல்ல. ஏங்க, உங்க வண்டியில ஏதாச்சும் கோளாறா?"

"வண்டியைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"வண்டியைப் பத்தித் தெரியாது. உங்களைப் பத்தித் தெரியும். சரியான கேள்வி கேட்டா மட்டுந்தான் சத்தம் போடுவீங்க."

சாப்பிடாமல் எழுந்தேன். அவளும் வற்புறுத்தவில்லை.

ஜூலை 27, சனி

டீச்சர் வண்டி சர்வீசுக்கு வந்திருந்தது. நேற்று சாயங்காலம் இசக்கி என் கண்ணுக்கு முன்னால் சார்ஜில் போட்டான். இன்று காலை பச்சை. ஐந்து கட்டம். நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மார்க்கெட் வரை போனேன். ஐந்து கட்டம். திரும்பிப் பாலம் ஏறினேன். ஐந்து கட்டம். உச்சிக்கு முப்பதடி இருக்கும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி வண்டி நின்றது. ஐந்து கட்டமும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

பின்னால் லாரி. அதற்குப் பின்னால் பஸ். இறங்கித் தள்ளினேன். வண்டி கனம், பிரேக்கை விட்டால் பின்னால் உருளும், பிடித்தால் நகராது. எனக்கு அறுபத்தொரு வயது. வேட்டி ஒரு கையில், ஹேண்டில் ஒரு கையில். டீச்சர் இதை எப்படிச் செய்தார்? சேலையோடு, அந்த முழங்காலோடு. நாலு தடவை.

பழக்கடைக்காரன் ஒருவன் டூவீலரில் போகிறபோது வேகத்தைக் குறைத்துக் கத்தினான்: "என்ன அண்ணாச்சி, சார்ஜ் போட மறந்துட்டீயளோ?"

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு டீச்சர் சிரித்ததும் இப்படித்தான் இருந்திருக்கும்.

இசக்கி வந்தான். வண்டியை ஏற்றினான். பாதி வழியில், "அக்டோபர்ல வந்த சரக்குல்லா அண்ணாச்சி. மழைக்காலம் பூராவும் குடோன்ல சார்ஜ் ஏத்தாமக் கிடந்துச்சு. மாசம் ஒருக்க ஏத்தணும்னு அப்பவே சொன்னேன். பேட்டரி விக்கும்போதே பாதிச் சாவு" என்றான்.

சொன்னான்தான். கரன்ட் வீண் என்று சொன்னது நான். அதை இங்கே திங்கட்கிழமை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

ஜூலை 29, திங்கள்

டீச்சர் வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடுவது என்று.

வீடு முழுக்கச் சின்னச் சின்னச் சீட்டுகள். அடுப்புப் பக்கம் "கேஸ் அணைத்தாயா?" வாசல் கதவில் "சாவி." குளியலறைக் குழாய்மேல் ஒன்று. வராந்தாவில் சார்ஜருக்கு மேலே, சிவப்பு மையில், பெரிய எழுத்தில்: "சுவிட்ச்!"

கட்டிலில் இரண்டு பெட்டி திறந்து கிடந்தன. சேலைகள் பாதி அடுக்கியிருந்தார்.

"ஜெபா பேசின டாக்டர் மாத்திரை எழுதி அனுப்பியிருக்காங்க தம்பி. மறதிக்கு. போட்டா ஒரே தூக்கமா வருது" என்றார். காப்பி கொண்டுவந்தார். சீனி இல்லை. மார்ச்சில் ஒரே ஒரு தடவை வந்தபோது, எனக்குச் சர்க்கரை என்று சொல்லியிருந்தேன். நினைவு வைத்திருக்கிறார்.

"நீங்க அன்னைக்கு சொன்னது நல்லதாப் போச்சு" என்றார். "நானா இருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். ஒருநாள் கேசைத் திறந்து விட்டுட்டுத் தூங்கியிருப்பேன்."

வாயைத் திறந்தேன். "வண்டியை விக்கறதா இருந்தா நானே எடுத்துக்கிடுதேன் டீச்சர்" என்றேன். அதுதான் வந்தது.

"உங்களுக்கு நல்ல மனசு தம்பி."

இன்று காலை 228. அதை முதலில் எழுத வேண்டும், கடைசியில் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நாளை கார் வரும். இசக்கியிடம் புது பேட்டரி நாலு எடுத்துவைக்கச் சொன்னேன். "டீச்சருக்கா?" என்றான். தலையாட்டினேன். "மத்தவங்களுக்கு?" என்றான். கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

211.

ரஸ்க் டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் கார். ஜெபக்குமார் பெட்டிகளை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தான். "அங்கிள், வழியனுப்ப வந்தீங்களா?" என்றான்.

டீச்சர் சாவிக்கொத்தோடு வெளியே வந்தார். வராந்தாவில் நின்றபடியே சொன்னேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. மீட்டர், பேட்டரி, குடோன், கரன்ட் வீண், எல்லாம். டப்பாவைத் திறந்து காட்டினேன். "உங்க அம்மா ஒருநாள்கூட மறக்கல" என்றேன்.

"நாலு தடவைன்னு நீங்கதானே சொன்னீங்க!" ஜெபக்குமாருக்குக் குரல் உடைந்தது. "டாக்டர்கிட்ட உங்க வார்த்தையைத்தான் சொன்னேன். மாத்திரையே அதை வச்சுத்தான் குடுத்தாங்க. நான் சும்மா விடமாட்டேன் உங்களை."

"நீ சும்மா இரு ஜெபா" என்றார் டீச்சர். உள்ளே போனார். அந்தத் தாளோடு வந்தார். நாலாக மடித்தது, நான் மடித்த மடிப்பிலேயே இருந்தது.

"இதை அன்னைக்குக் கடையில வாங்கிப் பாத்தீங்களே. புரிஞ்சுதா உங்களுக்கு?"

"புரிஞ்சுது டீச்சர். பச்சை சீக்கிரம் வந்தா பேட்டரி போச்சுன்னு அர்த்தம்."

"புரிஞ்சுக்கிட்டுத்தான் சுவிட்சைப் போட்டீங்களான்னு கேட்டீங்களா?"

"ஆமா டீச்சர்."

"எல்லாரும் சிரிச்சாங்க."

"ஆமா."

அவர் அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "வீட்டுக்கு வந்து அந்த சுவிட்சையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன் தம்பி" என்றார். "போட்டிருக்கு. கண்ணு சொல்லுது. ஆனா அந்தக் கண்ணை நம்பலாமான்னு எனக்குத் தெரியல. முப்பத்தாறு வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தவ. அன்னைக்கு ரெண்டும் ரெண்டும் நாலான்னு யாராவது கேட்டிருந்தா, யோசிச்சிருப்பேன்."

பிறகு மகனிடம் பெட்டிகளை இறக்கச் சொன்னார். அவன் ஏதோ சொல்ல வந்தான். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை, எனக்குக் கோயில் இருக்கு" என்றார். அவன் இறக்கினான்.

கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார். "டப்பாவுல எத்தனை இருக்கு?"

"பதினொண்ணு."

"எங்கிட்ட வந்து சொன்னீங்க. மத்த பத்துப் பேர்கிட்டயும் போய்ச் சொல்லணும். போன்ல வேண்டாம். வீட்டுக்குப் போய், அவங்க பிள்ளைகளுக்கு முன்னால."

ஆகஸ்ட் 7, புதன்

198. நேற்றும் இன்றுமாக ஆறு வீடு. ஒரு வீட்டில் நாய் அவிழ்த்துவிட்டார்கள். ஒரு வீட்டில் டீ கொடுத்தார்கள். டீ கொடுத்த வீடுதான் கஷ்டமாக இருந்தது.

செல்லக்கனி பேட்டரிக்காகத் தன் வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். திரும்பக் கொண்டுபோய் அவள் பெட்டியில் வைத்தேன். குடோனை விற்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

190.

டீச்சர் கொயருக்கு மறுபடி வந்துவிட்டாராம், எஸ்தர் சொன்னாள். சந்தோஷமாகத்தான் கேட்டேன். "ஆனா அண்ணாச்சி, புத்தகத்தைக் கையில வச்சுப் பாத்துத்தான் பாடுதாங்க" என்றாள்.

மதியம் டீச்சரிடமிருந்து போன். "தம்பி, பாலத்துல மூணு கட்டம் காட்டுது. பயப்படலாமா?"

"பயப்பட வேண்டாம் டீச்சர். இறங்கினதும் ஏறிரும்."

"நெசமாவா?"

இரண்டு தடவை கேட்டார். பாலம் இறங்கும்வரை போனை வைக்கவில்லை. என் சோறு ஆறிப்போனது.

ஆகஸ்ட் 14, புதன், சென்னை

சர்க்கரை மீட்டரைக் கொண்டுவரவில்லை.

கடைசி வீடு. நான்காவது மாடி. வேலாயுதம் சார் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். இளைத்துவிட்டார். மகள் பக்கத்தில் நின்றாள். இவர் இங்கே வந்ததிலிருந்து தனியாகக் கீழே இறங்கியதில்லை என்றாள்.

முழுக்கச் சொன்னேன். ஒன்பது வீட்டில் சொல்லிப் பழகியதால் தடங்கல் இல்லாமல் வந்தது. அவருடைய மீட்டரை எடுத்து அவர் கையில் வைத்தேன். "நீங்க மறக்கல சார். ஒரு தடவைகூட மறக்கல. தப்பு என்னோடது" என்றேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சார் மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக என் முழங்கை மேல் தட்டினார்.

"நீங்க பெரிய மனுஷர் தம்பி. எனக்கு ஆறுதல் சொல்ல இவ்வளவு தூரம் ரயிலேறி வந்திருக்கீங்க. ஆனா நான் மறந்ததுதான். எனக்குத் தெரியும்."

"இல்ல சார்..."

"அன்னைக்கு உங்க கடையில வச்சு நீங்கதான தம்பி சொன்னீங்க."